அக்காவுக்கும் எனக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம்

என் அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தபோது நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்த கைப்பேசி திடீரென்று நாதஸ்வரம் வாசித்தது. எடுத்துப் பார்த்தால், ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கி ரோஜா இதழ்களைத் தெளிக்க, இதழ்களுக்கு நடுவிலிருந்து மணமக்களின் பெயர்கள் மெல்ல எழுந்து வந்தன. கிள்ளானில் இருக்கும் அக்கா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். கீழே ஒரே வரி: "அனைவரும் வருக."

அனைவரும்! அந்த அனைவரில் நானும் ஒருவன். ரவாங்கில் இருக்கும் எங்கள் சித்தி மகன் ஒருவன். செமினியில் இருக்கும், யாருக்கு என்ன உறவு என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்காத ஓர் அங்கிள் ஒருவர். எப்போதோ தவறுதலாகக் குழுவில் சேர்க்கப்பட்டு, நீக்கினால் மனம் நோவாரே என்று விட்டுவைத்திருக்கும் ஏர்கோன் பழுதுபார்ப்பவர் ஒருவர். எங்கள் எல்லாருக்கும் ஒரே யானை, ஒரே தும்பிக்கை.

நான் மணப்பெண்ணின் தாய்மாமன். அதுவும் சொந்தத் தாய்மாமன். ஒன்றுவிட்டதோ இரண்டுவிட்டதோ இல்லை. எங்கள் பக்கத்தில் முதல் பத்திரிகை கோயிலுக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. நேரில் வர வேண்டும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் இருக்க வேண்டும். "குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்" என்று சொல்ல வேண்டும். தாய்மாமன் "எதுக்கு இதெல்லாம், நான் என்ன அந்நியமா?" என்று சலித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். எதுக்கு இதெல்லாம் என்று சொல்லவாவது ஒரு தட்டு வேண்டுமில்லையா?

துணிக் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி நான் நின்றேன். நெஞ்சில் என்னவோ நுழைந்து, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது. கோபம் இல்லை. கோபம் என்றால் எனக்குக் காது சுடும். தொட்டுப் பார்த்தேன், சாதாரணமாக இருந்தது. வருத்தமும் இல்லை. வருத்தம் வந்தால் பசிக்காது. எனக்கு நன்றாகப் பசித்தது. பொறாமையா? யார்மேல், யானைமேலா? புத்தகம் படித்துக் கெட்டுப்போனவன், உள்ளே வலித்தால், வலி எங்கே என்று பார்க்கமாட்டான்; அதற்குப் பெயர் என்ன என்றுதான் பார்ப்பான். மீதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு அகராதியைத் தேடிப் போனேன்.

மனஸ்தாபம். அதுதான். பெயர் தெரிந்ததும் பாதி நிம்மதி. மருத்துவர் ஒரு நீளமான நோயின் பெயரைச் சொன்னதும் நமக்குள் லேசாக ஒரு பெருமை வருமே, அந்த மாதிரி.

மனஸ் என்றால் மனம். தாபம் என்றால் வெப்பம், எரிவு, காய்ச்சல். வடமொழியிலிருந்து வந்த சொல். தாபம் ஒரு பெரிய குடும்பஸ்தன். நம் ஊர்க் கல்யாணத்துக்கு வரும் குடும்பங்களைப் போல உறவுக்காரர்கள் எல்லாரும் வேறு வேறு முகத்தோடு வருவார்கள். அனுதாபம் மூத்தவன், எல்லார் துக்கத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பான். பரிதாபம் எப்போதும் அழுக்குச் சட்டையோடு வருவான். பச்சாத்தாபம் எல்லாம் முடிந்தபிறகு தாமதமாக வந்து, பின்வரிசையில் தலை குனிந்து உட்காருவான். மனஸ்தாபம் மட்டும் மண்டபத்துக்கு உள்ளே வரமாட்டான். வாசலில் காரை நிறுத்திவிட்டு, யாராவது வந்து கூப்பிடுகிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தச் சொல் பிறந்த இடத்தில் அதற்கு மனவேதனை, தான் செய்ததை எண்ணி வருந்துவது என்றெல்லாம் பொருள். ஒரே ஆளுக்குள் எரியும் அடுப்பு அது. நம்மவர்கள் கைக்கு வந்ததும் அடுப்பைத் தூக்கி இரண்டு பேருக்கு நடுவில் வைத்துவிட்டார்கள். 'எனக்கு மனஸ்தாபம்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. யார்மேல் என்ற கேள்வி உடனே வரும். அதுவும் உறவுக்காரர்மேல், நெருங்கிய நண்பர்மேல் மட்டும்தான் வரும். நம் பார்க்கிங்கில் தினமும் வண்டியை நிறுத்தும் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வரும், மனஸ்தாபம் வராது. தண்ணீர் வராத நாளில் தண்ணீர்க் கம்பெனியோடு யாருக்கும் மனஸ்தாபம் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அது வருவதற்கு அந்த ஆள் நம்மைத் தேடி வந்திருக்க வேண்டியவராக இருக்க வேண்டும்.

அளவு வேறு நிர்ணயம் செய்திருக்கிறோம். எப்போதும் 'ஒரு சின்ன மனஸ்தாபம்'. அண்ணன் தம்பி பேசி இருபது வருஷம் இருக்கும், நடுவில் இரண்டு சாவு விழுந்திருக்கும், இவர் இருக்கும் தெருவில் அவர் வண்டி திரும்பாது. கேட்டால் "ஒன்னும் இல்லங்க, ஒரு சின்ன மனஸ்தாபம்" என்பார்கள். பெரிய மனஸ்தாபம் பட்ட தமிழனை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் இத்தனையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டிருக்கும்போது மனைவி வந்தாள்.

"துணிய பாதியில விட்டுட்டு இங்க என்னா பண்றீங்க?"

"ஒரு சொல்லோட மூலத்தைப் பார்த்துகிட்டு இருக்கேன்."

"அக்கா குரூப்ல பத்திரிகை போட்டிருக்காங்க, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

என் குரலிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து என்னை நிதானமாகப் பார்த்தாள். "ஐயோ, மெராஜுக்கா?"

மெராஜுக் என்பது மலாய்ச் சொல். இந்த நாட்டில் பிறந்த எந்த இனத்துக்காரருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. யாராவது வந்து சமாதானம் செய்ய வேண்டும் என்பதற்காகவே முகத்தைத் திருப்பிக்கொள்வது. மலாய்க்காரர்கள் நல்ல மனசுக்காரர்கள். நோயோடு மருந்தையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஒருவர் மெராஜுக் செய்தால் மற்றவர் பூஜுக் செய்ய வேண்டும், அதாவது கொஞ்சிக் கெஞ்சி வழிக்குக் கொண்டுவர வேண்டும். மெராஜுக் மூன்று வயதுப் பிள்ளைகளும் புது மனைவிமாரும் செய்வது. நாம் நோயை மட்டும் வைத்துக்கொண்டு மருந்துக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டோம்.

"இது மெராஜுக் இல்ல," என்றேன். "இது மனஸ்தாபம். வேற."

"என்னா வேற? தலைமுடி நரைச்சிருந்தா மனஸ்தாபமா லா?"

அகராதி எழுதியவர்கள் இவளைக் கலந்து பேசியிருக்கலாம்.

அன்றிலிருந்து நான் மனஸ்தாபத்தை முறைப்படி வளர்த்தேன். குழுவில் எல்லாரும் பூங்கொத்தும் இதயமும் போட்டபோது, நான் கட்டைவிரல் ஒன்றை மட்டும் உயர்த்தினேன். மற்றவர்களுக்கு அது கட்டைவிரல். அக்காவுக்கு அது என்ன என்று தெரியும். அவள் பதிலுக்குக் கும்பிடும் கை ஒன்றைப் போட்டாள். நாற்பது வருஷமாக என் தலையில் குட்டிய கை, இப்போது என்னைக் கும்பிடுகிறது. அதைவிடப் பெரிய வசை தமிழில் கிடையாது.

இந்த மாதிரி நிலைமையில் எங்கள் குடும்பத்தில் வழக்கமான தீர்வு ஒன்று உண்டு: யாராவது இறந்துபோவார்கள். சாவு வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து, யாரோ கொடுத்த கருப்புக் காப்பியைக் குடித்து, "எப்ப வந்த?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த மாதம் எங்கள் உறவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேரி தீவில் இருக்கும் பெரியப்பாவை நம்பியிருந்தேன். அவர் புதிதாக சைக்கிள் ஓட்ட ஆரம்பித்திருப்பதாகத் தகவல் வந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகள் வந்தாள். கல்யாணப் பெண்ணேதான். கிள்ளானில் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, அந்த வெயிலில் நடந்து வந்திருந்தாள். துறைமுகத்தில் சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை; பேச்சில் எப்போதும் ஓர் அவசரம் இருக்கும், கண்டெய்னர் காத்திருப்பதுபோல.

"மாமா, நேரா கேக்கறேன். வரீங்களா இல்லையா?"

"எங்க?"

"என் கல்யாணத்துக்கு."

"கல்யாணமா? எனக்கு ஒன்னும் சொல்லலையே."

மனைவி சமையலறையிலிருந்து ஒரு பெருமூச்சை அனுப்பினாள்.

"மாமா, பிளீஸ் லா. அம்மா அங்க ஒரு மாதிரி இருக்காங்க. நீங்க இங்க ஒரு மாதிரி இருக்கீங்க. நடுவுல என் கல்யாணம். என்னா பிரச்சனைன்னு அம்மாகிட்ட கேட்டா, 'ஒன்னும் இல்லம்மா, உன் மாமாமேல எனக்கு ஒரு சின்ன மனஸ்தாபம்'னு சொல்றாங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "யாருக்கு மனஸ்தாபம்?"

"அம்மாவுக்கு."

"அவளுக்கு எப்படி வரும்? எனக்குல்ல வந்திருக்கு!"

என் கடையில் வாங்கின சாமானை எதிர்க்கடையில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டவனைப்போல் இருந்தது. இத்தனை வாரமாக ஆராய்ச்சி செய்து, வேர் கண்டுபிடித்து, தனியாக வைத்துப் பாலூட்டியது நான். அக்கா ஓர் உழைப்பும் இல்லாமல் அதே சொல்லைச் சொல்லிவிட்டாள்.

"அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா?" என்றாள் மருமகள். "நிச்சயம் பண்ணி இத்தனை நாள் ஆச்சு. மண்டபம் பார்க்க நான் ஒருத்தியா அலைஞ்சேன். ஐயரு, சமையல், பந்தல் எல்லாம் நான் ஒருத்தி. என் தம்பி ஒரு நாளாவது வந்து, 'அக்கா நான் என்னா செய்யணும்'னு கேட்டானான்னு கேக்கறாங்க."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே."

"அதையும் சொன்னாங்க. 'தட்டு வச்சி கூப்பிட அவன் என்னா சம்பந்தி வீட்டு ஆளா? வீட்டு ஆளுக்கு எதுக்குப் பத்திரிகை? குரூப்புல போட்டதே ஒரு தகவலுக்கு'ன்னு சொன்னாங்க."

அக்கா சொல்வதும் எங்கள் வழக்கம்தான். தாய்மாமன் அழைப்புக்குக் காத்திருக்கக் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்க வேண்டும். நான் சொல்வதும் எங்கள் வழக்கம்தான். ஒரே வழக்கத்தின் முன்பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், பின்பக்கத்தில் நான். அவள் தட்டோடு வந்திருந்தால் என்னை அந்நியனாக்கிவிட்டாள் என்று சொல்லியிருப்பேன். நான் அழைப்பில்லாமல் போயிருந்தால் அவள் மரியாதை தெரியாதவன் என்று சொல்லியிருக்கமாட்டாள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

"வெள்ளிக்கிழமை காலையில முகூர்த்தக்கால் நடறாங்க, எங்க வீட்டுல," என்றாள் மருமகள். "அதுக்குத் தாய்மாமன் வேணும். அப்புறம் கல்யாணத்தன்னிக்கு என் கையப் புடிச்சி மணவறைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு வேணும். அம்மா ரவாங் மாமாகிட்ட சொல்லிட்டாங்க."

ரவாங் மாமா என்றால் அந்தச் சித்தி மகன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். பெரிய வண்டி வைத்திருக்கிறான். பெரிய குரல் வைத்திருக்கிறான். எந்த விசேஷத்திலும் மைக் அவன் கைக்குப் போய்விட்டால் சாப்பாடு ஆறிவிடும். என் நெஞ்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது இப்போது எழுந்து நடக்க ஆரம்பித்தது.

"அவனா? அவன் ஒன்றுவிட்ட தாய்மாமன்தானே?"

"விட்டவரோ விடாதவரோ, அவர் வரேன்னு சொல்லிட்டாரு. நல்லவருதான் மாமா. ஆனா விரல் பூரா மோதிரம். கையப் புடிச்சா வலிக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா இருந்திருந்தா நான் யாரையும் கேட்டிருக்க மாட்டேன்."

அக்கா வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் எந்த மனஸ்தாபமும் ஒரு வாரம் தாண்டாது. இரண்டு பக்கமும் போன் போட்டு, இரண்டு பக்கமும் மற்றவர் அழுததாகப் பொய் சொல்லுவார். நான் அதுவரை அவரை நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேசையில் இருந்த மனஸ்தாபக் குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்து, "குடிச்சிட்டுப் போம்மா, வெயில் தாழட்டும்" என்றாள். மருமகள் பாதி குடித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை எட்டு மணி மாமா" என்று மட்டும் சொல்லிக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் எழுந்தபோது கட்டில் ஓரத்தில் வெள்ளை வேட்டியும் சட்டையும் இஸ்திரி போட்டு வைக்கப்பட்டிருந்தன. மனைவி தலைவாரிக்கொண்டு, தயாராக நின்றாள்.

"நான் போறேன்னு யாரு சொன்னா?"

"நான் போறேன். நீங்க வண்டி ஓட்டுங்க."

ஃபெடரல் ஹைவேயில் அந்த நேரத்தில் நாங்கள் போகும் பக்கம் நெரிசல் குறைவு. எதிர்ப்பக்கம் ஊரே கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்தது. நான் மட்டும் காலியான பாதையில் ஒரு பயந்தாங்கொள்ளியின் வேகத்தில் ஓட்டினேன். வாசலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். 'தற்செயலா இந்தப் பக்கம் வந்தேன்.' வேட்டியோடா? 'மருமகள் ரொம்பக் கேட்டுகிட்டதால...' அது அக்காவைக் குறை சொல்வதாகிவிடும். ஷா ஆலம் தாண்டும்போது மனைவி, "வாய அசைக்காம ஓட்டுங்க" என்றாள்.

அக்கா வீடு கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடு. கேட்டுக்கு வெளியே ரவாங் தம்பியின் வண்டி பாதித் தெருவை அடைத்து நின்றது. உள்ளே கார் நிறுத்தும் இடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அங்கே தரை முழுக்க டைல்ஸ். குழி தோண்ட மண் கிடையாது. அதனால் பெரிய பெயிண்ட் தகரம் ஒன்றில் மணல் நிரப்பி வைத்திருந்தார்கள், அதில்தான் முகூர்த்தக்கால். மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டிய மூங்கிலைத் தம்பி ஏற்கெனவே கையில் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றான்.

அக்கா கேட்டருகே வந்தாள். திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"யாருடா கூப்பிட்டா ஒன்ன?"

ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோனது. "யாரும் கூப்பிடல," என்றேன். "அதான் வந்துட்டேன்."

அக்காவின் முகம் ஒரு கணம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு கேட்டின் தாழை இழுத்தாள். அது எப்போதும் சிக்கும். இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்ட வேண்டியிருந்தது.

"மண்டபம் பாக்க நான் ஒருத்தியா அலைஞ்சேன்," என்றாள் தாழைப் பார்த்தபடி.

"சொல்லுச்சி ஒம் மக."

"ஐயரு வேற பொழுதுக்கும் போனு."

"ம்."

"சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"பின்ன என்னா வெளிய நின்னுகிட்டு? செருப்பக் கழட்டிட்டு வா, நேரமாச்சி." உடனே திரும்பி, "தம்பி, அந்தக் கம்ப அவன்கிட்டக் குடுப்பா" என்றாள்.

ரவாங் தம்பி மூங்கிலைக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று இல்லை; கை இறுகிப்போய்விட்டது. "குடுக்கறேன்க்கா, குடுக்கறேன்," என்றான். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வாரமாகக் காலையில் முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியில் இருந்த அதே முகம். விடியற்காலையில் ரவாங்கிலிருந்து புறப்பட்டு, புதுச் சட்டை போட்டு, அழைத்த மரியாதைக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறான் பாவம். இவனும் போய் அகராதியைப் புரட்ட ஆரம்பித்தால் இந்தக் குடும்பம் தாங்காது.

"நீ மேல புடி," என்றேன். "நான் கீழ புடிக்கிறேன். எனக்கு முதுகு சரியில்ல."

"முதுகு சரியில்லன்னா நீங்கதானே மேல புடிக்கணும் அண்ணே? கீழ குனியணும்."

"நீ உயரம், மேல புடி லா. பேசிகிட்டே இருக்காத."

இருவரும் சேர்ந்து நட்டோம். மூங்கில் முதலில் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்தது. அவன் வலது என்றான், நான் இடது என்றேன், ஐயர் இரண்டும் வேண்டாம் நேராக என்றார். அக்கா நவதானியம் கலந்த பாலை ஊற்றினாள். பாதி என் வேட்டியில் விழுந்தது. தெரிந்தே ஊற்றினாளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். மருமகள் வாசற்படியில் நின்று, ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி பக்கத்தில் வந்து அமர்ந்தான். "அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். எனக்கு வேற வேலை இருக்கு," என்றான்.

"என்னா வேலை?"

"மைக்கு."

உலகத்தில் சில தியாகங்களுக்கு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். சரி என்றேன்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் ஏர்கோன் காற்றில் மருமகளின் கை சில்லென்றிருந்தது. நான் பிடித்ததும் விரல்களை இறுக்கிக்கொண்டாள். மணவறை தூரத்தில் இருந்தது. ரவாங் தம்பி மைக்கில் மணப்பெண்ணையும், சொந்தத் தாய்மாமனையும் உரக்க வரவேற்றான். 'சொந்த' என்ற சொல்லுக்குத் தனியாக ஓர் அழுத்தம் கொடுத்தான். எனக்குக் கால் தானாக வேகம் எடுத்தது.

"மெதுவாடா," என்றாள் அக்கா, பின்னால் வந்துகொண்டே, ஊருக்கே கேட்கும் ரகசியக் குரலில். "புள்ளக்குச் சேலை தடுக்குது."

மெதுவாக நடந்தேன்.